முதலில் சொன்னவரைத் தேடிப்போன டீச்சர்

ஆரோக்கியமேரி டீச்சர் இறந்துபோன செய்தி, பலமுறை பகிரப்பட்டது என்பதைக் காட்டும் இரட்டை அம்புக்குறியோடு என் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. கல்லூரியில் துறை அறையில் உட்கார்ந்து வருகைப்பதிவை முடித்துக்கொண்டிருந்தேன். கூப்பிய கைகளின் படம் ஒன்று. அதன் கீழே, மேரி டீச்சர் அன்று காலை சாலை விபத்தில் காலமானார், நல்லடக்கம் மாலையில் என்று எழுதியிருந்தது. எந்த ஊரில் அடக்கம் என்று இல்லை. யார் தெரிவிக்கிறார்கள் என்றும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு டீச்சர் அரிமளத்தைத் தாண்டி அதிகம் வெளியே போனவரல்லர். எந்தச் சாலை, என்ன விபத்து? நான் எதையும் உடனே நம்பிவிடும் ஆளில்லை. செய்தி பொய்யாக இருக்கட்டும் என்ற ஆசையும் அன்றைய சந்தேகத்தில் கலந்திருந்தது. எனக்கு அனுப்பிய எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரை அழைத்தேன்.

"ஒங்களுக்கு யார் சார் சொன்னாங்க?"

"குரூப்புல வந்துச்சு மேடம்."

"குரூப்புல யாரு போட்டா?"

"என்ன மேடம் நீங்க, துக்கச் சேதியில போயி விசாரணை வச்சுக்கிட்டு!" என்றார். பிறகு மனம் இரங்கி ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயருக்கு உரியவர் திருமயத்தில் இருந்தார். "இறந்தது நெசந்தாங்க. ஆனா ஆக்சிடெண்டு இல்ல, நெஞ்சுவலின்னு பேசிக்கிறாக," என்று சொல்லி, தனக்குச் சொன்ன இன்னொருவரின் எண்ணைத் தந்தார். அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

"ஒங்களுக்கு யார் சொன்னா?" என்று ஒவ்வொருவராகப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டு போகும் இந்தப் பழக்கம் என்னுடையதன்று. அது டீச்சருடையது. அவரை அறியாதவர்களுக்கு அவரைச் சொல்ல வேண்டுமானால் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. அப்பா விவசாயி. மணம் செய்துகொள்ளவில்லை. அரிமளத்துக்குத் தெற்கே ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து, அங்கேயே தலைமையாசிரியையாகி, அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டக் குழு அந்தப் பள்ளியில் பெற்றோருக்காக நடத்திய இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். கணினி அறிவியல் பாடம் நடத்துகிறவள் என்பதால் பேசும் பொறுப்பு எனக்கு. ஒரு செய்தியை அனுப்பும் கைபேசியே அதைப் பூட்டிவிடுகிறது, பெறுபவரின் கைபேசிதான் திறக்கிறது, நடுவில் சுமந்து செல்லும் நிறுவனத்தால்கூடப் படிக்க முடியாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு கை உயர்ந்தது.

"ஒரு சந்தேகம் மேடம். நடுவுல கொண்டுபோறவனுக்கே தெரியாதுன்னா, தப்பு ஒண்ணு நடந்துபோச்சுன்னா யாரைப் போயிக் கேக்குறது?"

அந்தரங்கம் அடிப்படை உரிமை, எல்லார் வீட்டுப் பூட்டையும் உடைத்துத்தான் ஒருவரைத் தேட வேண்டும் என்றால் அது நியாயமில்லை என்றெல்லாம் பதில் சொன்னேன்.

"அது கோர்ட்டுக்குச் சொல்ற பதிலு. எங்களுக்கு ஒரு பதிலு சொல்லுங்க," என்றார். தாய்மார்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கூட்டம் முடிந்ததும் அவரே தேநீர்க் குவளையோடு வந்தார். "கோவிச்சுக்காதீங்க. ஒங்கள மடக்கணும்னு கேக்கல. எனக்கு நெசமாவே தெரியல."

அது உண்மை என்பது அன்றே புரிந்தது. குவளை காலியாவதற்குள் அவர் கேட்ட கேள்விகள் அப்படி. சாவி எங்கே இருக்கிறது? அதைக் கண்ணால் பார்க்க முடியுமா? கைபேசி உடைந்தால் சாவி என்ன ஆகும்? சில கேள்விகளுக்கு நான் புத்தகத்தைப் புரட்டித்தான் பதில் சொல்ல முடியும் என்றேன். "அப்ப புரட்டிட்டுச் சொல்லுங்க. நான் எங்கிட்டும் போகல," என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பையன்கள் சட்டை கிழிந்து வந்து நின்றார்கள்.

"முதல்ல அடிச்சது யாரு?"

"இவன்தான் டீச்சர்!"

"அவன் எம்பென்சிலப் புடுங்கினான் டீச்சர்."

"நீ எதுக்குப் புடுங்குன?"

"அவன் எங்கப்பாவப் பத்திப் பேசினான்."

"அவங்கப்பாவப் பத்தி ஒனக்கு யாருடா சொன்னா?"

விசாரணை இப்படியே பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் அசரவில்லை. பக்கத்தில் இருந்த உதவி ஆசிரியர் என்னிடம், "இப்பிடியே விட்டா டீச்சர் ஆதாம் ஏவாள் வரைக்கும் போயிருவாங்க மேடம்," என்றார். டீச்சர் திரும்பாமலே, "பாம்பை விட்டுட்டீங்களே சார்," என்றார்.

அந்த நாளிலிருந்து எங்களுக்குள் பழக்கம் தொடர்ந்தது. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் புதுக்கோட்டை வரும்போதெல்லாம் என் வீட்டுக்கு வருவார். அரசிடம் ஒரு மாற்றுச் சாவி இருப்பதில் என்ன தவறு என்பது அவர் கட்சி. எந்த அரசிடம், எந்த அதிகாரியிடம், அவருக்குப் பின் வருபவர் யார் என்பது என் கட்சி. நிறுவனங்கள் நம் அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்வதையும் நான் முழுதாக நம்பியதில்லை. "ஒங்களுக்கு எதுலதான் மேடம் நம்பிக்கை?" என்று கேட்பார். "பஸ் வந்து நின்னா நம்புவேன்," என்பேன்.

பிறகுதான் அந்தச் சம்பவம் நடந்தது.

பிள்ளை பிடிக்கும் கூட்டம் சுற்றுகிறது என்ற வதந்தி தமிழ்நாடு முழுவதும் கைபேசிகளில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. டீச்சரின் ஊருக்கும் ஒரு செய்தி வந்தது. 'பள்ளிக்கூட வாசலில் வெளியூர் ஆள் நிற்கிறான், துணி மூட்டை வைத்திருக்கிறான், பிள்ளைகள் பத்திரம்' என்று ஆரம்பித்து, 'ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைக் காணவில்லை' என்று முடிந்தது. எங்கும் எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை. ஆனால், செய்தி வந்த மறுநாள் போர்வை விற்க வந்த ஒரு வடநாட்டுக்காரரை ஊர்க்காரர்கள் பேருந்து நிறுத்தத்தில் வைத்து அடித்துவிட்டார்கள். உயிர் தப்பியது. வலது கை ஒடிந்தது.

அடித்தவர்கள் மீது வழக்குப் பதிவானது. செய்தியை முதலில் கிளப்பியவர் யார் என்று தெரிந்தால் அவர் மீதும் வழக்கு உண்டு என்று உதவி ஆய்வாளர் சொன்னார். செயலி நடத்தும் நிறுவனத்திடமிருந்து அதைப் பெற வழியில்லை. ஊர்க் கூட்டத்தில் டீச்சர் எழுந்து, "அந்தப் பேரை நான் கண்டுபிடிச்சுத் தாரேன்," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

எனக்குத் தொலைபேசியில் சொன்னது வேறு மாதிரி. "மேடம், ஒங்க பூட்டைத் தொறக்காம ஆளைப் பிடிக்க முடியுமான்னு பாப்போமா? நீங்க கூட வாங்க. போன்ல அதைக் காட்டுறேன் இதைக் காட்டுறேன்னு யாராச்சும் என்னை ஏமாத்துனா நீங்க பாத்துக்கிடணும்."

முடியாது என்றுதான் நினைத்தேன். எப்படி முடியாமல் போகிறது என்று பார்க்கும் ஆவலில் போனேன்.

அவர் முறை எளிமையானது. செய்தியை வைத்திருப்பவரிடம் போய், யார் அனுப்பினார் என்று கேட்பது. பெயர் கிடைத்தால் அந்த ஆளிடம் போவது. மாவட்டத்தில் பாதிப் பேர் அவருக்கு உறவினரோ, அவரிடம் படித்தவரோ, படித்தவரின் பெற்றோரோதான். ஆனால், ஒரு விதி வைத்திருந்தார். யாருடைய கைபேசியையும் தொடமாட்டார். திருமயம் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைக்காரர் தாமாகவே கைபேசியை நீட்டினார்.

"இந்தாங்க டீச்சர், நீங்களே பாருங்க. நீங்க கேட்டு இல்லேம்பேனா? ஆனா ஒண்ணு, இதுல எம்பொண்டாட்டி அனுப்புனதும் கெடக்கு."

"அப்ப எனக்கு வேண்டாம்ப்பா. நீயே பாத்துப் பேரை மட்டும் சொல்லு."

கடைக்காரர் திரும்பி நின்று பார்த்துச் சொன்னார். இன்னொரு ஊரில் ஒருவர், "எதுக்குங்க சொல்லணும்? நீங்க என்ன போலீஸா?" என்றார். "அதுஞ் சரிதான்," என்று டீச்சர் எழுந்துவிட்டார். அதோடு தடம் அறுந்தது. பேருந்தில் வரும்போது நான், "பாத்தீங்களா?" என்றேன். "அவரு சொன்னது நியாயமா, இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார். நியாயம்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வேறொருவர் மூலமாகத் தடம் மறுபடி கிடைத்தது.

காணாமல் போன இரண்டு பிள்ளைகளைப் பற்றிய வரி வழியில்தான் எங்கோ சேர்ந்திருந்தது. அதைச் சேர்த்த ஆள் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கறம்பக்குடியில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண் ஒருவரிடம் இருந்த செய்தியில் அந்த வரி இல்லை. தனம் என்பது அவர் பெயர். எங்களைக் கண்டதுமே அழ ஆரம்பித்துவிட்டார்.

"நான் நல்லதுக்குத்தாங்க குரூப்புல போட்டேன். எங்கக்கா எனக்கு மட்டும்தான் அனுப்புச்சு. எம்பிள்ளைய வெளிய விடாதேன்னு அனுப்புச்சு."

"ஒங்கக்கா யாரு ஆத்தா?"

"ஒங்க பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குதே, பாக்கியம். அதுதாங்க."

பாக்கியம் கணவரை இழந்தவர். பள்ளிச் சமையல் வேலைதான் அவர் வீட்டில் அடுப்பை எரியவைத்தது. அவர் மீது வழக்கு வந்தால் அந்த வேலை நிலைக்காது. சொல்லாவிட்டால், ஊர் முன்னால் கொடுத்த வாக்கு நிற்காது. திரும்பி வரும் வழியில் நான், "இத்தோட விட்டுருங்க டீச்சர்," என்றேன். "அந்தாளு கையி ஒடிஞ்சது நெசந்தானே மேடம்?" என்றார்.

மறுநாள் காலை நானும் பள்ளிக்குப் போனேன். சமையலறையில் பாக்கியம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. இரவே தங்கை தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும்.

"நான் தட்டக்கூட இல்லைங்க டீச்சர். வாயால சொன்னேன், போனு தானா எழுதுச்சு. தனத்துக்கு மட்டும்தான் அனுப்புனேன். எங்க சாமி சத்தியமா வேற யாருக்கும் அனுப்பல."

"வெளியூர் ஆளு நிக்கிறான்னு ஒனக்கு யாரு பாக்கியம் சொன்னா?"

பாக்கியம் விழித்தார். கேள்வி விளங்காதவர்போல என்னைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க. பிரேயர்ல, மைக்குல. வாசல்ல மூட்டையோட ஒரு வெளியாளு நிக்கிறாரு, யாரும் பேச்சுக் குடுக்காதீங்க, எதைக் குடுத்தாலும் வாங்காதீங்கன்னு சொன்னீங்களே. அடுப்படியில நின்னு நானும் கேட்டேன். டீச்சரே சொல்றாங்களேன்னுதான் பயந்துபோயி..."

டீச்சர் அங்கிருந்த அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். அவர் அப்படிச் சொன்னது உண்மை. பிள்ளைகளின் பாதுகாப்புக்காகச் சொன்ன இரண்டு வாக்கியம். அதன்பின் மறந்தும் போய்விட்டார். தம்மை நோக்கித்தான் இத்தனை ஊர் சுற்றியிருக்கிறோம் என்பது அந்த நிமிடம்வரை அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

அன்று பகலிலேயே டீச்சர் மருத்துவமனைக்குப் போனார். நானும் உடன் போனேன். போர்வைக்காரரை அதற்கு முன்பும் போய்ப் பார்த்துக் கஞ்சி கொடுத்திருக்கிறார். ஆனால், வாசலில் நின்றவர்தான் இவர் என்பது டீச்சருக்குத் தெரியாது. அன்று அவர் தூரத்திலிருந்து பார்த்தது மூட்டையைத்தான்; முகத்தை அல்ல.

"எங்க ஸ்கூல் வாசல்ல நீங்க நின்னீங்களா?"

"ஆமா டீச்சர். தெனம் நிப்பேன்."

"எதுக்கு?"

"மரம் இருக்கு, நெழலு. பைப்பு இருக்கு, தண்ணி. பசங்க பாட்டுப் பாடுது. கேக்க நல்லா இருக்கு டீச்சர்."

அவ்வளவுதான். இந்தக் கேள்வியை முன்பே வாசலில் போய்க் கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். டீச்சர் அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அது என் காதுக்கானதன்று.

அடுத்த நாள் காவல் நிலையத்தில் நடந்ததை டீச்சர் பிற்பாடு எனக்கு நடித்தே காட்டுவார். உதவி ஆய்வாளர் இளைஞர், மரியாதை தெரிந்தவர்.

"பேரு கெடைச்சிருச்சா டீச்சர்?"

"கெடைச்சிருச்சு. எழுதிக்கங்க. ஆரோக்கியமேரி, தலைமையாசிரியை."

"வெளையாடாதீங்க டீச்சர்."

"வெளையாடல. நான் சொன்னதுதான் ஊரைச் சுத்தி வந்து அந்தாளை அடிச்சிருக்கு."

"நீங்க மெசேஜே அனுப்பலயே! மைக்குல பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னதுக்கு எந்த செக்‌ஷன்ல போடுறது?"

"அப்ப கூடப்பொறந்தவளுக்குப் புத்தி சொன்னவளை மட்டும் எந்த செக்‌ஷன்ல போடுவீங்க?"

உதவி ஆய்வாளர் பேனாவை மூடிவைத்துவிட்டாராம். ஆனால், விவகாரம் அவ்வளவு எளிதில் முடியவில்லை. நடுவில் இருப்பவரின் பெயரைக் கேட்டு டீச்சரைப் பலமுறை வரவழைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது ஒரே பெயர், தம்முடையது. ஊரில் சிலர், யாரையோ மறைக்கிறார் என்றார்கள். கல்வித் துறையிலிருந்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. கடைசியில் அடித்தவர்கள் மீதான வழக்கு மட்டும் நடந்தது. பாக்கியம் தொடர்ந்து சமைத்தார். என்னையும் அந்தச் சகோதரிகளையும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. இப்போது எழுதுவது பாக்கியத்தின் சம்மதத்தோடு, அவர் உண்மைப் பெயரையும் தங்கை பெயரையும் மாற்றி.

டீச்சர் அதே பிரேயரில், அதே மைக்கின் முன்னால் நின்று பிள்ளைகளிடம் பேசியது எனக்குத் தெரியும். "அன்னைக்கு ஒருத்தரப் பத்தி நான் விசாரிக்காமச் சொன்னேன். அது தப்பு. அவரு நம்ம மரத்து நெழலுக்கு வந்தவரு." போர்வைக்காரர் கை கூடியதும் சொந்த ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. வாசல் மரத்தடியில் டீச்சர் ஒரு கல் பலகை போட்டார். வருகிறவர் போகிறவர் உட்காரலாம்.

சில ஆண்டுகள் கழித்து மத்திய அரசின் புதிய இணைய விதிகள் வந்தன. நீதிமன்றமோ உரிய அதிகாரியோ கடும் குற்றங்களில் கேட்டால், பெரிய செய்திச் செயலிகள் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அன்று மாலையே டீச்சர் அழைத்தார்.

"மேடம், நம்ம வேலைய கெவர்மெண்டு எடுத்துக்கிருச்சு!"

அவர் ஆதரிப்பாரா எதிர்ப்பாரா என்று அறிய எனக்கு ஆவலாக இருந்தது. அவருக்கோ அது எப்படி வேலை செய்யும் என்று அறிய ஆவல். செய்தியின் உள்ளடக்கத்தைக் கேட்கவில்லை, முதல் ஆளை மட்டும்தான் கேட்கிறோம் என்கிறது அரசு என்று சொன்னேன். நாளை யாரைக் கேட்பார்கள் என்று இன்று தெரியாதல்லவா, அதனால் எல்லார் செய்தியிலும் ஏதாவது ஓர் அடையாளத்தை எப்போதும் வைத்திருக்க வேண்டிவரும், பூட்டுக்கு அர்த்தமில்லாமல் போகும் என்கின்றன நிறுவனங்கள் என்றும் சொன்னேன்.

"அப்ப ஒரு களவாணியப் பிடிக்க ஊர்ல இருக்க எல்லார் முதுகுலயும் நம்பர் எழுதிவைக்கணுமா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்னு அவங்க சொல்றாங்க."

"அப்பிடியே எழுதுனாலும் மிஷினு பாக்கியத்தோட நின்னுரும் மேடம். பாக்கியத்துக்கு மேல போனு இல்ல, மைக்குதான் இருந்துச்சு. அந்த ரெண்டு பிள்ளையக் காணோம்னு சேத்தானே, அவனையும் மிஷினு விட்டுரும்ல? அவன் எழுதுனதுதான் புதுசுன்னு அவனை முதல் ஆளுன்னு சொல்லுமோ?"

"சொல்லலாம். எப்படிச் செய்யுறாங்கங்கிறதைப் பொறுத்தது."

"பாத்தீங்களா, ஒங்களுக்கே தெரியல." அதில் ஏளனம் இல்லை. தம்மைப் போலவே தெரியாத ஒருத்தி இருக்கிறாள் என்ற சந்தோஷம்தான்.

அவர் என் கட்சிக்கு வந்துவிட்டார் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அது உண்மையில்லை. அந்த விதிகளின் மீதான வழக்கு, நான் அறிந்தவரை, இன்னும் முடியவில்லை. எங்கள் வழக்கும் முடியவில்லை. அந்தரங்கத்தைப் பற்றி நான் நீளமாகப் பேசும்போதெல்லாம், "எல்லாஞ் சரி. கையி ஒடிஞ்சவருக்கு ஒங்க பூட்டு என்ன பதிலு வச்சிருக்கு?" என்பார். என்னிடம் பதில் இருந்ததில்லை. இன்றும் இல்லை. அரசுக்காக யாராவது பேசினால், "பாக்கியம் மாதிரி ஒரு ஆளைக் கொண்டாந்து நிறுத்துனா என்ன செய்வீங்க?" என்று அவரையும் விடமாட்டார்.

ஒன்று மட்டும் அவரிடம் மாறியிருந்தது. அவர் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு பள்ளிக்குப் போயிருந்தேன். வழக்கம்போல இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். சுற்றிலும் வேடிக்கைக் கூட்டம். "முதல்ல அடிச்சது யாரு?" என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இதை நிறுத்தியிருக்கக்கூடியவங்க யாரு?"

ஒரு சின்னப் பெண் தயங்கிக் கை தூக்கினாள். "நான் நிறுத்தியிருக்கலாம் டீச்சர். ஆனா பாக்க நல்லா இருந்துச்சு."

டீச்சர் சிரித்த சிரிப்பில் சண்டைக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். "இவதான் மேடம் நெசத்தைச் சொன்னவ," என்றார் என்னிடம்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இதயம் தொந்தரவு கொடுத்தது. பாக்கியம் காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொண்டார். இருவரும் அந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால், பாக்கியம் அதன்பின் யாருக்கும் ஒரு செய்திகூட அனுப்பியதில்லை என்று டீச்சர் ஒருமுறை வருத்தத்தோடு சொன்னார். எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேறிவிட்டாராம். மகனிடம்கூடப் போனில் பேசுவதோடு சரி. "நான் செஞ்சதுல இது ஒண்ணு சரியாகலை மேடம். அவ வாயில பூட்டுப் போட்டுட்டேன். அதுக்கு யாருகிட்டயும் சாவி இல்ல."

அடக்கம் ஆவூர்ப் பக்கத்தில் அவருடைய சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. அந்த இடத்தைச் செய்தி சொல்லவில்லை. நான் கேட்டுக் கேட்டுத்தான் போய்ச் சேர்ந்தேன். கூட்டம் கல்லறைச் சுவரைத் தாண்டிச் சாலைவரை நின்றது. கோயில் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. திருமயம் தேநீர்க் கடைக்காரர் மனைவியோடு வந்திருந்தார். கறம்பக்குடியிலிருந்து தனம் வந்திருந்தார். காவல் நிலையத்தில் பேனாவை மூடிவைத்தவர், இப்போது வேறு ஊரில் இருப்பவர், சாதாரண உடையில் ஓரமாக நின்றார்.

மண் போடுவதற்குக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். விபத்து என்று ஒருவர், மருத்துவமனையில் என்று ஒருவர்.

"ஆக்சிடெண்டுன்னு யாருய்யா கெளப்பிவிட்டது?" என்றார் கடைக்காரர். "மொதல்ல இந்தச் சேதியப் போட்டது யாரு?"

பாக்கியம் எனக்கு முன்னால்தான் நின்றிருந்தார். அவர் முதுகு அசையாமல் இருந்தது. பிறகு திரும்பினார்.

"நாந்தான் போட்டேன்," என்றார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "காலையில இட்லி கொண்டுக்கிட்டுப் போனேன். நாக்காலியில உக்காந்தபடிக்கே போயிருந்தாங்க. தனத்துக்கு அனுப்புனேன், பழைய குரூப்புல எல்லாத்துலயும் என்னைச் சேரு, நான் சொல்லணும்னு சொன்னேன். சேந்து, நானே சொன்னேன். நம்ம டீச்சர் போயிட்டாங்க, எல்லாரும் வாங்கன்னு. ஆக்சிடெண்டுன்னு நான் சொல்லல. அது வழியில யாரோ சேத்தது."

கடைக்காரர் தலைக்கட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

வரிசை நகர்ந்தது. பாக்கியம் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒதுங்கி, என்னை முன்னால் விட்டார். நான் போட்ட பிறகு அவர் போட்டார்.

போய் வாருங்கள் டீச்சர். நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் தேடிப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். சரியாகவில்லை என்று நீங்கள் வருந்திய அந்த ஒன்று, இன்று சரியாகிவிட்டது.